சான் பெர்னாண்டோவிலிருந்து ஆச்சிக்கு

சான் பெர்னாண்டோ, பம்பாங்கா மாகாணம்,
பிலிப்பைன்ஸ்.
22 டிசம்பர் 2025, திங்கட்கிழமை

அன்புள்ள ஆச்சிக்கு,

ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் இரவு இருமலும் குறைய வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். வாரந்தோறும் வீடியோவில் எல்லோரும் பேசுகிறோம் என்றாலும், உங்களுக்குக் காது கேட்காததால் என் முகத்தைப் பார்த்துக் கையசைப்பதோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. அது எனக்குப் போதவில்லை. திங்கட்கிழமை எங்களுக்குச் சபையின் நற்செய்தி ஊழியத்திலிருந்து ஓய்வு. துணி துவைப்பது, காய்கறி வாங்குவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றைக்குத்தான். இதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்துத் தரும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாக வாசியுங்கள். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

கிறிஸ்துமஸ் அன்றைக்கு எங்கள் சபையில் ஆராதனை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் இல்லை ஆச்சி. 25-ஆம் தேதி வியாழக்கிழமை வருகிறது. எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைதான். பண்டிகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் மட்டுமே அந்த நாளில் கூடுவோம். நேற்றைய ஆராதனை முழுவதும் கிறிஸ்து பிறப்புப் பாடல்களும் வேத வாசிப்புகளுமாக இருந்தது. இடையன்குடிக் கோயிலில் மணி அடித்ததும் இருட்டோடு எழுந்து, தலைக்குக் குளித்து, புதுச்சேலை உடுத்தி ஆராதனைக்குப் போய் வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்கு இது எத்தனை வெறுமையாகத் தோன்றும் என்று எனக்குத் தெரியும். அப்பா சி.எஸ்.ஐ. சபையை விட்டுப் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தபோது உங்கள் மனம் நொந்ததற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் ஆலயச் சுவரில் சிலுவை இல்லாதது இன்னொரு காரணம். உயிரோடிருக்கிற கிறிஸ்துவை எங்கள் நடத்தையே காட்ட வேண்டும் என்பது சபை சொல்லும் விளக்கம். அதைப் பற்றி உங்களோடு வாதாட நான் எழுதவில்லை. எந்தச் சுவருக்கு முன் முழங்காலிட்டாலும், கை கூப்பக் கற்றுக்கொடுத்தது நீங்கள் என்பது எனக்கு மறக்காது.

இந்த ஊரில் விடியற்காலை மணி எனக்கும் கேட்கிறது. இங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கர். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாளும் கோழி கூவுவதற்கு முன்பே கோயிலில் பூசை வைக்கிறார்கள். வயலுக்குப் போகும் உழவர்கள் வேலைக்கு முன்னால் வந்து போகட்டும் என்று ஸ்பானியர் காலத்தில் ஏற்பட்ட வழக்கமாம். நாங்கள் எழுவது ஆறரைக்கு. நான் படுக்கையில் கிடந்தபடியே அந்த மணியைக் கேட்டு உங்களுக்காக ஜெபித்துவிட்டுத் திரும்பத் தூங்குவேன்.

காலையில் வெளியே வரும்போது கோயில் வாசலில் பலகாரக் கடைகள் இன்னும் இருக்கும். வாழையிலை விரித்த மண்சட்டியில் அரிசி மாவை ஊற்றி, கீழேயும் மேலேயும் தணல் வைத்துச் சுடுகிற பிபிங்கா ஒன்று. இன்னொன்று புட்டோ பும்போங். ஊதா நிற அரிசி மாவை மூங்கில் குழாயில் அடைத்து ஆவியில் வேகவைத்து, தட்டித் தள்ளி, தேங்காய்த் துருவலும் கருப்பட்டி மாதிரி ஒரு சர்க்கரையும் தூவிக் கொடுக்கிறார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது, நீங்கள் மூங்கில் குழாயில் அவித்த புட்டே கடல் கடந்து வந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. குடிக்க இஞ்சி கொதிக்கவைத்த பானம் உண்டு. எங்கள் சபை விலக்கியிருக்கிற காப்பியும் தேயிலையும் அதில் இல்லாததால் நாங்களும் குடிக்கலாம்.

எங்கள் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் நடையில்தான். காலையில் வேதம் வாசித்து, தகாலோக் மொழி படித்து, வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டையோடு இரண்டு பேராகக் கிளம்புகிறோம். தனியாக எங்கும் போகக் கூடாது. ஜீப்னி என்கிற சிறு பஸ்ஸிலும், ட்ரைசிகிள் என்கிற பக்கவண்டி இணைத்த மோட்டார் சைக்கிளிலும் கொஞ்ச தூரம், மற்றது நடைதான். எங்கள் பேச்சைக் கேட்க மனமில்லாதவர்களும் வாசலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். நெல் அறுப்பதற்கும் சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும் கூப்பிட்டாலும் போவோம். சம்பளம் கிடையாது. பீளமேட்டு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து நான் சேர்த்ததும், அம்மா சீட்டுப் போட்டு எடுத்ததும்தான் என் செலவுக்கு உதவுகின்றன. சில வீடுகளில் போனவுடன் காப்பி கலந்து நீட்டிவிடுவார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதுதான் எனக்குக் கஷ்டம். பன்றி இறைச்சி, மீன், சோறு எல்லாம் மூன்று வேளையும் கிடைக்கிறது. மெலிந்துவிட்டேன் என்று அம்மா சொல்வதை நம்பாதீர்கள்.

இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் செப்டம்பர் மாதமே தொடங்கிவிடுகிறது. கடைகளில் பாட்டுப் போட்டு, வீட்டு வாசலில் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டுவிடுவார்கள். அந்த விளக்குக்குப் பெயர்போன ஊர் இந்த சான் பெர்னாண்டோதான். டிசம்பரில் இங்கே ராட்சத விளக்குப் போட்டி நடக்கிறது. ஒவ்வொரு விளக்கும் ஏறக்குறைய 20 அடி அகலம். நம் வீட்டு முகப்பைவிடப் பெரியது. ஆயிரக்கணக்கான பல்புகள் பாட்டுக்கு ஏற்றபடி அணைந்து எரிந்து, பூவாக விரிந்து சக்கரமாகச் சுழல்கின்றன.

நான் இதைக் கம்ப்யூட்டர் செய்யும் வேலை என்று நினைத்திருந்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஒருவர் விளக்குப் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரு மதியம் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். விளக்குக்குப் பின்னால் பெரிய இரும்பு உருளைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் பட்டை பட்டையாகக் காகித டேப் ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பல்பின் கம்பி முனையிலும் ஒரு கொண்டை ஊசி. அது உருளையைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. உருளையைக் கையால் சுற்றும்போது ஊசி இரும்பைத் தொட்டால் பல்பு எரியும், டேப்பின் மேல் ஏறினால் அணையும். டேப்பை எங்கே ஒட்டுவது என்பதில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. அந்த அண்ணன் அதைத் தன் தகப்பனாரிடம் கற்றாராம். பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிய எனக்கு அந்த இடத்தை விட்டு வர மனமே இல்லை. போட்டி நடந்த இரவு நாங்கள் நேரத்தோடு விடுதிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனாலும் அதைச் செய்த கைகளைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டேன்; எனக்கு அதுவே பெரிது.

இவர்கள் லேசான மனிதர்கள் அல்லர் ஆச்சி. 1991-இல் பினாட்டுபோ எரிமலை வெடித்தது. அதற்குப் பின் வருடாவருடம் மழையில் சாம்பலும் சேறும் இறங்கி ஊர் ஊராக மூடியது. பக்கத்தில் பாகோலோர் என்ற ஊரில் பழைய கோயில் ஒன்று 1995-இல் பாதி உயரம் வரை சேற்றில் புதைந்துபோனது. தோண்டி எடுக்க முடியாத தரையை அப்படியே விட்டுவிட்டு, பழைய ஜன்னல்களை வாசலாக்கிக்கொண்டு இன்றைக்கும் அதில் ஆராதிக்கிறார்கள்.

புயலைப் பற்றி நீங்கள் பயந்ததாக அக்கா சொன்னாள். நவம்பர் 9-ஆம் தேதி உவான் புயல் வந்தபோது நாங்கள் முன்கூட்டியே கான்கிரீட் கட்டிடத்துக்குள் இருந்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குச் சில நாள் முன்பு, தெற்கே செபுவில் வேறொரு புயலில் வந்த வெள்ளம்தான் பெரிய துயரம். அந்தப் புயலில் நாடு முழுவதும் இருநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். என்னோடு ஊழியம் செய்யும் தம்பி செபுக்காரன், வயது பத்தொன்பது. அவர்கள் வீட்டில் மார்பளவு தண்ணீர். குடும்பத்தார் அடுத்த வீட்டு மாடியில் ஏறித் தப்பினார்கள். விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அவன் வீட்டு வாசலில் இறங்கலாம். வீட்டுக்குப் போக வேண்டுமானால் ஏற்பாடு செய்கிறோம் என்று எங்கள் தலைவர் சொன்னார். அவன் தன் அப்பாவிடம் பேசிவிட்டு, இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். மறுநாள் அவனும் நானும் வேறு யாரோ ஒருவர் வீட்டில் சேறு அள்ளினோம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் போன்ற ஒருவனோடு இந்தப் பண்டிகையைக் கழிப்பதை நான் பாக்கியமாக நினைக்கிறேன்.

இனி நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

இந்த நாட்டிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாடுகளில் வேலை செய்கிறார்கள். சவுதி, துபாய், ஹாங்காங், கப்பல் வேலை என்று வீட்டுக்கு ஒருவர் வெளியே இருப்பது இங்கே சாதாரணம். அங்கிருந்து பெரிய அட்டைப்பெட்டியில் சோப்பு, சாக்லேட், டப்பா இறைச்சி, செருப்பு எல்லாம் நிரப்பிக் கப்பலில் அனுப்புகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து சேர வேண்டுமென்றால் பல வாரங்களுக்கு முன்பே அனுப்ப வேண்டும். எங்கள் சபையில் ஓர் அம்மாவின் மகன் ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக். அங்கே 25-ஆம் தேதி வேலை நாள். அவர்களும் ஒவ்வொரு வருடமும் பெட்டி வருவதற்குக் காத்திருக்கிறார்கள், அவன் வருவதில்லை.

இங்கே 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் குடும்பமாக உட்கார்ந்து பண்டிகைச் சாப்பாடு சாப்பிடுவார்கள். நாங்கள் இருட்டுவதற்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்பதால், அந்த அம்மா தன் வீட்டுச் சாப்பாட்டையே மாலை ஐந்து மணிக்கு மாற்றிவிட்டார்கள். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். "உங்கள் அம்மா என்ன சமைப்பார்கள்?" என்று கேட்டார்கள். பிரியாணியையும் உங்கள் முந்திரிக்கொத்தையும் சொன்னேன். முந்திரிக்கொத்தை எப்படிச் செய்வது என்று விடாமல் கேட்டு எழுதிக்கொண்டார்கள். பாசிப்பயறு, வெல்லம், தேங்காய் மட்டும் எனக்கு நினைவிருந்தது. "ரியாத்தில் யாராவது ஒரு தாய் என் மகனைச் சாப்பிட்டாயா என்று கேட்கட்டும். அதற்காக நான் உங்களைக் கேட்கிறேன்" என்று சொன்னார்கள். எனக்கு அன்று இரவு முழுவதும் உங்கள் நினைவுதான்.

கோவையில் நம் பகுதியில் ஊழியம் செய்யும் இரண்டு பையன்களை உங்களுக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையும் பெயர்ப்பட்டையுமாக வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் வந்தால் நீங்கள் உள்ளறைக்குப் போய்விடுவதாக அக்கா சொன்னாள். உங்கள் மனது எனக்குப் புரிகிறது. ஒருவன் ராஜமுந்திரிக்காரன், இன்னொருவன் டெல்லியிலிருந்து வந்தவன். இரண்டு பேருக்கும் என் வயதுதான். அவர்கள் என்ன போதிக்கிறார்கள் என்பதை நீங்கள் கேட்க வேண்டாம், ஒத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கால்டுவெல் ஐயரைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தது நீங்கள்தான். 1838-இல் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. பிறகு இடையன்குடித் தேரிமணலில் கோயில் கட்டி, அங்கேயே அடக்கமானார். அவருடைய புத்தகங்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த முதல் கிறிஸ்துமஸுக்கு அவருக்கு யார் வீட்டில் சாப்பாடு என்று நான் இப்போது யோசிக்கிறேன். யாரோ ஓர் ஆச்சி போட்டிருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

வியாழக்கிழமை மதியம் அந்த இரண்டு பேருக்கும் நீங்கள் உங்கள் கையால் பரிமாறுங்கள் ஆச்சி. அப்பாவை வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் அவர்கள் உள்ளே வரக் கூடாது என்பது ஒழுங்கு. காப்பியோ டீயோ கொடுக்காதீர்கள், குடிக்க மாட்டார்கள். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பனங்கற்கண்டு போட்ட பால் கொடுங்கள். ராஜமுந்திரிக்காரன் காரம் நன்றாகச் சாப்பிடுவான், டெல்லிக்காரனுக்குத் தயிர் அதிகமாக வையுங்கள். சாப்பாட்டுக்கு ஜெபம் நீங்களே செய்யுங்கள். தமிழ் புரிகிற அளவுக்கு இருவரும் கற்றிருக்கிறார்கள். கிளம்பும்போது முந்திரிக்கொத்து ஒரு பொட்டலம் கட்டிக் கொடுங்கள். அக்காவிடம் அதன் செய்முறையை அளவோடு எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ரியாத் அண்ணனின் அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

புதன்கிழமை உங்கள் நேரம் இரவு ஏழு மணிக்கு வீடியோவில் வருகிறேன். அப்பா, அம்மா, அக்கா எல்லோருக்கும் என் அன்பு.

உங்கள் அன்புப் பேரன்