பாய்வு வேகத்தை எழுதச் சொல்லுங்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நெறியாளர்களுக்கு, வணக்கம்.

தங்கத்தின் மேல் புரதம் எவ்வளவு, எத்தனை சீக்கிரம் ஒட்டுகிறது என்று பார்க்க உங்கள் மாணவர்கள் எங்கள் குவார்ட்ஸ் மைக்ரோபேலன்ஸ் கருவிக்கு வருகிறார்கள். 5 மெகாஹெர்ட்ஸில் அதிரும், தங்கம் பூசிய படிகம் அது. புரதக் கரைசலைப் பம்ப் அதன் மேல் ஓடவிடும். ஏதாவது ஒட்டினால் அதிர்வெண் இறங்கும். 1 ஹெர்ட்ஸ் இறங்கினால் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 17.7 நானோகிராம், 1959இல் சாவர்பிரே தந்த கணக்கு. (புரதம் பிடித்துவைத்திருக்கும் தண்ணீரும் இந்த எடையில் சேரும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.)

போன மாதம் ஒரு மாணவி கலங்கிப்போய் வந்து உட்கார்ந்தார். அதே ஆல்புமின் புரதம், அதே செறிவு, அதே 25 டிகிரி, ஆனால் நேரத்தோடு அதிர்வெண் இறங்குவதைக் காட்டும் இரண்டு நாள் வளைவுகளும் பொருந்தவே இல்லை. நோட்டில் 'பம்ப்: நடுத்தர வேகம்' என்று மட்டும் இருந்தது. பம்பின் டியூபைத் தொட்டுப் பார்த்தேன், நசுங்கித் தட்டையாகியிருந்தது. சரி என்று வெளியே வரும் தண்ணீரை 10 நிமிடம் பிடித்து எடை போட்டோம். நிமிடத்துக்கு 100 மைக்ரோலிட்டர் என்றால் 1 கிராம் வர வேண்டும். வந்தது 0.6.

படிகத்தை ஒட்டிய மெல்லிய அடுக்கில் திரவம் கிட்டத்தட்ட நகர்வதே இல்லை, மூலக்கூறு அதைத் தானாகப் பரவித்தான் கடக்க வேண்டும். தொடக்கத்தில் பரப்பு காலியாகக் கிடக்கும்போது, பெரும்பாலும் வந்து சேரத்தான் நேரமாகிறது, வந்தது உடனே ஒட்டிவிடுகிறது. வளைவின் அந்தத் தொடக்கச் சரிவைப் பார்த்துப் பரப்புக் கவர்தலின் (புரதம் பரப்பில் ஒட்டுவதன்) வேக மாறிலி என்று ஆய்வேட்டில் எழுதினால், பம்பின் வேகத்தைப் புரதத்தின் பெயரில் எழுதுகிறோம் என்றுதான் அர்த்தம்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. வாய்க்கால் போன்ற மெல்லிய செல்லில் (படிகம் இருக்கும் சிறு அறை) சீராகப் பாயும் திரவத்தின் வேகத்தை 8 மடங்காக்கிப் பாருங்கள். தொடக்கச் சரிவு ஏறத்தாழ 2 மடங்கானால் (கனமூலக் கணக்கு) மூலக்கூறு வந்து சேரும் வேகத்தைத்தான் அளந்திருக்கிறோம், சரிவு மாறவில்லை என்றால் ஒட்டும் வேகத்தை நம்பி எழுதலாம்.

ஆனால் இதற்கு நேரம் வேண்டும். 'ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வா' என்று அனுப்புகிறீர்கள், மாணவர் அவசரத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பஃபரை (அமிலத்தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) அப்படியே ஓடவிடுகிறார், அது செல்லுக்குள் சூடாகிக் குமிழி விடுகிறது, பேஸ்லைன் (புரதம் விடுமுன் இருக்கும் அடிக்கோடு) குதிக்கிறது, அத்தோடு அன்றைய வேலை போச்சு. தயவுசெய்து அரை நாள் கொடுங்கள். நிமிடத்துக்கு எத்தனை மைக்ரோலிட்டர் என்று நோட்டில் இல்லாத வளைவில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த முறை மாணவரோடு நீங்களும் வாருங்கள். காலையில் 50 மைக்ரோலிட்டர், அப்புறம் படிகத்தைச் சுத்தம் செய்துவிட்டு மதியம் 400. இரண்டு வளைவையும் ஒரே திரையில் போட்டுக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
கருவி அறையிலிருந்து