கை நடுங்குகிறவர்களும் இசைத்தட்டு கேட்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இசைத்தட்டுகள் மறுபடியும் கடைக்கு வந்திருப்பது பற்றிய கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி. ஆனால் தானியங்கி ரெக்கார்டு பிளேயர்களை, விவரம் தெரியாதவர்கள் வாங்கும் பொம்மை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 67. தபால் நிலையத்தில் முத்திரை குத்திய என் வலது கை மூன்று வருடமாக நடுங்குகிறது. காபி டம்ளரைப் பிடிக்கவே இன்னொரு கையின் துணை வேண்டும். இந்தக் கையால் சுழலும் தட்டின் ஓரத்தில் முள்ளை வைக்கப் போனால் 'கர்ர்' என்று பாதி தட்டு வரைக்கும் கோடு விழும். விழுந்தும் இருக்கிறது. என் அப்பா காவேரிப்பட்டணத்தில் மைக் செட் வைத்திருந்தவர். அவர் விட்டுப்போன எல்.பி. என்கிற பெரிய தட்டுகள் முப்பதும், நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்னத் தட்டுகள் ஒரு பெட்டியும், இன்னும் பழைய 78 சுற்றுத் தட்டுகளும்தான் என் பங்குக்கு வந்த சொத்து.

அப்பாவே தானியங்கிக்காரர்தான். அவரிடம் இங்கிலாந்து கார்ராட் கம்பெனியின் சேஞ்சர், அதாவது தட்டைத் தானே மாற்றிப் போடும் பிளேயர், ஒன்று இருந்தது. நடுக்கம்பியில் ஆறேழு தட்டை அடுக்கிவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது 'தொப்'பென்று விழும், முள்ளைத் தாங்கும் மிஷினின் கை தானாகப் போய் உட்காரும். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் நிதானமாக உட்கார்ந்து சாப்பிட்டது அந்த மிஷின் வந்த பிறகுதான். (தட்டின் மேல் தட்டு விழுவது தட்டுக்கு நல்லதல்ல. அதை அப்பாவிடம் யார் சொல்வது?)

புது பிளேயர் வாங்க என் கையிருப்பு 20,000 ரூபாய். முதல் தடவை ஏமாந்தேன். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற ஒரு பிளேயர். விளம்பரத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று போட்டிருந்தது. வந்து பார்த்தால் ஆட்டோ ஸ்டாப் மட்டும். பாட்டு முடிந்ததும் தட்டு நிற்கும், முள் அதன் மேலேயே கிடக்கும். வைப்பதும் எடுப்பதும் நம் பாடு. நடு லேபிளை நெருங்கும் வரை பாட்டைப் பதித்த தட்டு என்றால், கடைசிச் சரணம் முடிவதற்குள்ளேயே நின்றுவிடும். முள்ளின் அழுத்தமும் ஐந்து கிராம் பக்கம். நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜுக்கு (முள்ளின் அதிர்வை மின்சாரமாக்கும் சின்னப் பெட்டி) இரண்டு, மூன்று கிராமே போதும். அதைப் பேரனுக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன். கட்டுரையாளர் பொம்மை என்று சொன்னது இதை என்றால் எனக்கு மறுப்பில்லை.

ஆகவே கடைக்காரர் ஆட்டோமேட்டிக் என்றால், எது வரைக்கும் என்று கேளுங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் முள்ளை நாம்தான் வைக்க வேண்டும், முடிந்ததும் அதுவாகத் தூக்கிக்கொள்ளும். ஃபுல் ஆட்டோமேட்டிக்கில் பொத்தானை அமுக்கினால் மிஷினின் கை எழுந்து, நகர்ந்து, இறங்கி, பாடி முடித்து, தன் இடத்துக்கே திரும்பி வந்து நிற்கும். இதில் பெரிய மந்திரம் இல்லை. பாட்டு முடிகிற இடத்தில் தட்டின் கோடுகள் விலகிப்போகும், கை சட்டென்று உள்ளே இழுபடும். அந்த வேகத்தை அடியில் இருக்கும் நெம்புகோல் கண்டுகொண்டு பல்சக்கரத்தைக் கோத்துவிடுகிறது. தட்டு சுற்றுகிற சுற்றே கையைத் தூக்கித் திருப்பி வைக்கிறது.

ஓசூரில் இருக்கும் மகள் அப்புறம் வாங்கித் தந்தது ஆடியோ டெக்னிகா ஏடி-எல்பி60எக்ஸ். என் பணத்துக்குள் அடங்கியது. "ப்ளூடூத் இருக்கறதையே வாங்கிடலாமேப்பா" என்றாள். அப்பாவின் குழாய் ஸ்பீக்கரில் ஊரே கேட்ட பாட்டை நான் காதில் மாட்டிக்கொண்டு கேட்கவா? வேண்டாம் என்றேன். அந்த வசதியும் வேண்டும் என்பவர்களுக்கு சோனி பிஎஸ்-எல்எக்ஸ்310பிடி இருக்கிறது, அதுவும் ஃபுல் ஆட்டோமேட்டிக்தான்.

எல்பி60எக்ஸில் கார்ட்ரிட்ஜை மாற்ற முடியாது, முள்ளின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது என்று குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மற்ற மிஷின்களில் கையின் பின்முனையில் இருக்கும் எடைக்கல்லைத் திருகிக் கிராம் கணக்குப் பார்க்க என் விரல் நிற்குமா? முள்ளை மட்டும் கழற்றி மாற்றலாம், அது போதும். பின்னால் போனோ, லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. போனோவில் முள்ளின் மெல்லிய சிக்னல் அப்படியே போகும், லைனில் மிஷினே அதைப் பெருக்கி அனுப்பும். பழைய ஆம்ப்ளிபயரில் போனோ துளை இல்லாவிட்டால் லைனில் வைக்க வேண்டும். நான் முதல் நாள் தவறாகப் போனோவில் வைத்துவிட்டு, பாட்டு கொசு ரீங்காரம் போல வருகிறதே என்று மகளிடம் சண்டைக்குப் போனேன். இன்னொன்று, சின்னத் தட்டைப் போட்டால் அளவுப் பொத்தானையும் மாற்றுங்கள். மறந்தால் முள் தட்டு இல்லாத இடத்தில் போய் இறங்கும்.

பெங்களூரில் வெளிநாட்டு பழைய செட்டுகள் மலிவாகக் கிடைக்கும் என்று போகிறவர்கள் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 அலை. கன்வெர்ட்டர் வோல்ட்டைத்தான் சரி செய்யும், ஹெர்ட்ஸை அல்ல. மின்சாரத்தின் ஹெர்ட்ஸை வைத்தே வேகம் பிடிக்கிற மோட்டாராக இருந்தால், நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் சுற்றும். நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டியது 28கூட வராது. பாடகிக்கு ஆண் குரல் வந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கு முக்கியமான சங்கதி கரண்ட். மிஷினின் கை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அது அந்தரத்தில் நிற்கும். பதறிப்போய் நாம் தள்ளக் கூடாது, உள்ளே பல்சக்கரத்தின் பல் உடையலாம். என் மிஷின் கரண்ட் வந்ததும் அதுவே வேலையை முடித்துக்கொள்கிறது. போன வாரம் முக்கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மாவரைக்கிற கடைக்குப் போய் வந்தேன்.

அப்பாவின் 78 தட்டுகள் நாற்பது தனியாக இருக்கின்றன. அவற்றுக்கு வேறு வேகம், வேறு தடிமனில் முள். என் புது மிஷினில் ஓடாது. கட்டிலுக்கு அடியில் வேட்டி சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.