துறவி நண்டின் வயிற்றில் தெரியும் கட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரையோரம் கொட்டிய கருங்கற்களின் இடுக்கில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டப் பலர் போகிறார்கள். ஏதாவது ஒன்றின் வயிற்றில் கட்டி தெரிந்தால், ஆலைக் கழிவால் வந்தது என்று உடனே படம் போட்டுவிடுகிறார்கள். அதற்கு முன் கட்டியை உற்றுப் பார்க்க வேண்டும்.

சினை என்றால் வயிற்றின் இடப்புறச் சிறுகால்களில் மணிமணியாக, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வழவழப்பான, நீளவாட்டுப் பை ஒன்று குட்டைக் காம்பில் ஒட்டியிருந்தால் அது ரைசோசெபலா என்னும் ஒட்டுண்ணி. படகடியில் பிடிக்கும் கொட்டலசின் உறவு. வெளியே தெரிவது இனப்பெருக்கப் பை மட்டும்தான். மீதி உடல் வேர்போல நண்டுக்குள் ஓடியிருக்கும். பையைப் பிய்த்தால் ஒட்டுண்ணி போகாது, நண்டுக்குக் காயம்தான் மிஞ்சும். இது பிடித்த நண்டு பெரும்பாலும் மலடாகிவிடும். வளர்ந்த உருவத்தை வைத்து இதைக் கொட்டலசு இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. கரை நண்டில் வாழும் இதன் இனமொன்றின் நீந்தும் குஞ்சுகளைப் பார்த்துத்தான் இயற்கையியலாளர் ஜான் வாகன் தாம்சன் 1836இல் உறவைக் கண்டுபிடித்தார்.

கணுக்கள் தெரிகிற, ஒரு பக்கம் கோணிய, சீண்டினால் அசைகிற உடல் என்றால் அது போபைரிட் என்னும் இன்னொரு ஒட்டுண்ணி, ஐசோபாட் என்ற கணுக்காலி வகை. வயிற்றிலும் இருக்கும், செவுள் அறையில் இருந்தால் ஓடு ஒரு பக்கம் புடைத்திருக்கும். பெரியது பெண், அதன்மேல் ஒட்டிய பொடியன் ஆண். இதன் குஞ்சு முதலில் கோபிபாட் என்னும் நுண்ணிய மிதவை உயிரியில் தங்கி வளர்ந்து, பிறகே நண்டுக்கு வரும். காசிமேட்டில் கன்னம் வீங்கிய இறாலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குடும்பம் புதிதல்ல. இவை எதுவும் மனிதருக்குத் தொற்றாது.

பார்ப்பதற்காகச் சங்கை உடைக்கவோ நண்டை இழுக்கவோ கூடாது. இழுத்தால் அது பிடியை விடாது. கால் கழன்றுவிடும், மெல்லிய வயிறு கிழிந்துவிடும். வெள்ளைத் தட்டில் கடல்நீர் ஊற்றி ஒரே ஒரு நண்டை விடுங்கள். பல நண்டுகளைச் சேர்த்து விட்டால் சங்குக்காகச் சண்டை வரும். வாய் சற்றே அகன்ற காலிச் சங்குகள் இரண்டு மூன்றைப் பக்கத்தில் வைத்து, நிழலில், ஆடாமல் காத்திருங்கள். நண்டு சங்கு மாறும்போதுதான் வயிறு தெரியும், அந்த நேரமும் சில நொடிதான் என்பதால், செல்போனில் முன்கூட்டியே வீடியோ ஓடட்டும். மாறாவிட்டால் வற்புறுத்த வேண்டாம், எடுத்த கல்லிடுக்கிலேயே விட்டுவிடுங்கள். குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது. கீழ்ப்புறமும் படத்தில் தெரிந்தால் நல்லது: இடுக்கிக்காலை முதலாக எண்ணினால், பெண்ணுக்கு மூன்றாம் காலின் அடியிலும் ஆணுக்கு ஐந்தாம் காலின் அடியிலும் இனத்துளை இருக்கும். ஆண் என்று உறுதியானால், அது சுமப்பது சினை இல்லை.

இதை இத்தனை வலியுறுத்தக் காரணம் உண்டு. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பது உண்மை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியதும் உண்மை. இயற்கையான ஒட்டுண்ணியைக் கழிவு என்று எழுதிய ஒரு படம் போதும், உண்மையான புகாரையும் ஒதுக்கித் தள்ள. அதே நேரம், ஒட்டுண்ணி பிடித்த நண்டுகள் எந்தத் தூண்டில் வளைவில் (கடலரிப்பைத் தடுக்கும் கருங்கல் தடுப்பில்) எத்தனை என்ற கணக்கும் நமக்கு வேண்டும். ஆகவே படம் எடுப்பவர்கள் தேதி, இடம், பார்த்த மொத்த நண்டுகள், கட்டி இருந்தவை எத்தனை என்று நான்கையும் குறியுங்கள். கட்டியே இல்லாத நாளையும் பூஜ்யம் என்று எழுதிவையுங்கள்.

கடலோர உயிரின ஆர்வலர்கள்,
திருவொற்றியூர்