யாரைப் படிப்பது என்று கேட்டாயே

அன்புள்ள மலர்,

டேட்டா அனலிஸ்ட் வேலைக்குப் புள்ளியியலில் யார் எழுதுவதைப் படிக்கலாம் என்று போனில் கேட்டாய். பேச்சில் பாதி விட்டுப்போனது, அதனால் எழுதுகிறேன்.

எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறவரைப் படி. அதைச் சொல்லாதவர் எத்தனை அழகாகப் படம் போட்டாலும் விட்டுவிடு.

விளைச்சலை மதிப்பிடும் பயிர் அறுவடைப் பரிசோதனைக்கு நான் வயல் வயலாகப் போனது உனக்கு நினைவிருக்கும். எந்தப் புல எண் என்பதைச் சமவாய்ப்பு எண்தான், அதாவது குலுக்கலில் வருவது போன்ற எண்தான் சொல்லும். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, வந்த எண்ணுக்குக் காலடி எண்ணி நடந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, எடை போடுவோம். "அந்தப் பக்கம் நல்லா விளைஞ்சிருக்கு, அங்க அறுங்கம்மா" என்பார் வயல்காரர். அங்கே போகவே கூடாது. எண் காட்டிய இடம் பதராகவே கிடந்தாலும் அதைத்தான் அறுக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு பெரிய சதுரம் தெரியுமா? 1940களில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் வங்காளத்தில் சின்னத் துண்டுகளை அறுத்து விளைச்சலை மதிப்பிட்டார். துண்டு சிறுத்தால் விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்று இன்னொரு புள்ளியியலாளர் சுகாத்மே மறுத்தார். கோட்டின் மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கத்தான் கை போகும். சின்னத் துண்டில் பரப்புக்கு ஓரம் அதிகம், அதனால் பிழையும் அதிகம். இரண்டு பெரிய அறிஞர்கள் ஓரத்துப் பயிருக்காக அச்சிலேயே வாதாடினார்கள்! அதைத் தேடிப் படி, மா. உன் அலுவலகத்து அட்டவணையிலும் கயிற்றுக்கு வெளியே விடப்பட்டவர் யார் என்று கேட்கத் தோன்றும்.

பிறகு ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர். 1973-இல் அவர் 4 தரவுத் தொகுப்புகள் கொடுத்தார், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வரைந்தால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிச் சிதறும், ஒன்று வளையும், மற்ற இரண்டில் ஒற்றைப் புள்ளி மொத்தக் கணக்கையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் படம் போடாமல் சராசரியை மட்டும் நீட்டுகிறவரிடமும் எச்சரிக்கையாக இரு.

தரவையும் நிரலையும் சேர்த்துக் கொடுக்கிறவர்கள் கிடைத்தால் விடாதே. வாசிப்பதோடு நிறுத்தாமல் அவர்கள் கணக்கை நீயே ஒருமுறை போட்டுப் பார். விடை ஒத்துவராவிட்டால் எழுதிக் கேள்; பதில் சொல்கிறவர் நல்லவர்.

ஆன்ஸ்கோம்பின் எண்கள் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வரைந்து அனுப்பு, பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா