அச்சக வரியை வெட்டாதீர்கள், பில்லில் எழுதிக் கொடுங்கள்

மதுரையில் பழைய சினிமா போஸ்டர் விற்கும் வியாபாரப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இந்த மடல் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் ஒரு கட்டு போஸ்டர் விலைக்கு வந்தது. 'எல்லாம் முதல் ரிலீஸ், கம்பெனி ஸ்டாக்' என்று சொல்லி, ஒவ்வொன்றும் ஐந்திலக்க விலை. பிரித்துப் பார்த்தால் கட்டு முழுக்க அடிப்பக்கம் இரண்டு விரற்கடைக்குக் கத்தி ஓடியிருந்தது. நாற்பது அங்குல உயரம் இருக்க வேண்டிய தாள் முப்பத்தெட்டரையில் நின்றது. கேட்டதற்கு, 'ஓரம் கிழிஞ்சிருந்துச்சு அண்ணே, நீட்டா இருக்கட்டும்னு வெட்டுனோம்' என்று பதில். எல்லா போஸ்டரும் ஒரே இடத்தில், ஒரே நேர்கோட்டில் கிழிந்திருக்கிறது! அதிசயம்தான்.

கடைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு கடையோடு முடிகிற விஷயமாக இருந்தால் மடலே தேவைப்பட்டிருக்காது.

கேட்பது இதுதான். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக வரியை வெட்டாதீர்கள். விற்கும்போது அது முதல் வெளியீடா, மறுவெளியீடா, நகலா என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

அந்த வரியை 'குப்பை எழுத்து' என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சடித்த தாளில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும் என்பது 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் போட்ட விதி. அதனால்தான் சிவகாசி லித்தோ (கல்லச்சு) அச்சகமோ சென்னை அச்சகமோ தன் பெயரை அடியில் ஓரமாகப் போட்டது. போஸ்டரில் வேறு எங்கும் வருஷம் இருக்காது. நடிகர் முகத்தைப் பார்த்து வருஷம் சொல்ல முடியாது. நம்ம ஊரில் ஒரே படம் பத்து தடவை ரிலீஸ் ஆகும், ஒவ்வொரு தடவையும் புது போஸ்டர் அடிப்பார்கள். வயதைச் சொல்ல மிச்சமிருப்பது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான்.

அதை எப்படிப் படிப்பது என்று உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். அச்சக முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால், அந்த போஸ்டர் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன் அடித்ததாக இருக்க முடியாது. பின்கோடு நடைமுறைக்கு வந்ததே அன்றுதான். 'சென்னை-2' என்று பழைய தபால் எண் மட்டும் இருந்தால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை அழுத்திச் சொல்கிறோம், ஏனென்றால் பழைய பழக்கத்தில் பல வருஷம் அப்படியே போட்ட அச்சகங்கள் உண்டு. தணிக்கைச் சான்று 'யு/ஏ' என்று இருந்தால் அது 1983-க்குப் பிந்தையது. பழைய யானைக்கொம்பு 'லை', 'னை' இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அந்த வடிவத்தை மாற்றிய எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கையால் எழுத்து வரைந்த ஓவியர்கள் அரசாணையைப் பார்த்து பிரஷ் பிடித்தவர்கள் இல்லை.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எம்.ஆர். ஏரியா என்று நீங்கள் சொல்லும் மதுரை-ராமநாதபுரம் விநியோகப் பகுதிக்குத் தனியாக அடித்த தாள்களில், விநியோகஸ்தர் பெயரும் அடியில்தான் வரும். அதே படத்துக்கு திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவுக்குப் போன போஸ்டரில் வேறு பெயர் இருக்கும். இந்த ஊரில் எந்தக் கம்பெனி எந்தப் படத்தை எடுத்து ஓட்டியது என்பதற்குப் பல படங்களில் வேறு காகிதமே மிஞ்சவில்லை. நீங்கள் வெட்டிக் கீழே போடும் இரண்டு விரற்கடைத் துண்டில் அந்தக் கணக்கும் சேர்ந்து போகிறது. மறுநாள் காலையில் கூட்டி அள்ளிவிடுவீர்கள்.

வெட்டுவதற்கு நீங்கள் சொல்லும் இன்னொரு காரணம் பிரேம். வாங்குபவர் ரெடிமேட் பிரேம் வைத்திருக்கிறார், தாள் பெரிதாக இருக்கிறது, அளவுக்கு வெட்டித் தரச் சொல்கிறார். நியாயம் போலத் தெரியும். ஆனால் 30-க்கு 40 அங்குலத் தாளுக்கு அந்த அளவிலேயே பிரேம் அடித்துக் கொடுக்க மதுரையில் ஆளா இல்லை? சாமி படத்துக்கும் தாத்தா படத்துக்கும் கேட்ட அளவில் பிரேம் போட்டுத் தரும் கடை தெருவுக்கு இரண்டு இருக்கிறது. பிரேமைத் தாளுக்குத் தகுந்தபடி செய்யலாம். தாளை ஒரு தடவை வெட்டினால் வெட்டியதுதான்.

உண்மையான காரணம் வேறு என்று எல்லோருக்கும் தெரியும். வரி போய்விட்டால் மறுவெளியீட்டு போஸ்டரை முதல் வெளியீட்டு விலைக்கு விற்கலாம். கர்ணன் 1964 பொங்கலுக்கு வந்தது. 2012-இல் டிஜிட்டலாகத் திரும்ப வந்தது. இடையிலும் எத்தனையோ முறை ஓடியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் போஸ்டர் உண்டு, எல்லாமே அந்தந்தக் காலத்துக்கு அசல்தான். எழுபதுகளில் வந்த மறுவெளியீட்டு போஸ்டரை மறுவெளியீடு என்று சொல்லியே நல்ல விலைக்கு விற்கலாம், வாங்க ஆள் இருக்கிறது. பொய் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

நகல் சங்கதி இதைவிட மோசம். யாரோ ஒருவர் வைத்திருந்த போஸ்டரை ஸ்கேன் எடுத்து, டிஜிட்டல் பிரஸ்ஸில் 12-க்கு 18, 13-க்கு 19 அளவில் கனமான ஆர்ட் கார்டில் அடித்து, டீத்தண்ணியில் முக்கிக் காயவைத்து, 'பழசு' என்று கடையில் தொங்கவிடுகிறார்கள். டீ எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்கும். நிஜமாகப் பழுத்த தாளில் ஓரம் கறுத்திருக்கும், மடித்து வைத்திருந்தபோது வெளியே தெரிந்த கட்டம் மட்டும் மங்கியிருக்கும், உள்கட்டங்கள் வெளுப்பாகவே இருக்கும். அந்தக் காலத்தில் படப்பெட்டியோடு தியேட்டருக்கு மடித்துத்தான் அனுப்பினார்கள். ஐம்பது வருஷத்து வால்போஸ்டர் ஒரு மடிப்புக்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தால், அது எங்கே படுத்திருந்தது என்று கேட்கத்தான் தோன்றும்.

இனி உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு இன்ச் டேப்பும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அளப்பார்கள். அடுத்து லென்ஸைப் படத்தின் தலைப்பு எழுத்தின் மேல் வைப்பார்கள். நடிகர் முகத்தில் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் ஆப்செட்டில் அடித்த அசலிலும் முகம் புள்ளிபுள்ளியாகத்தான் இருக்கும். எழுத்து அப்படியில்லை. அசலில் சிவப்பு எழுத்து என்றால் சிவப்பு மை கட்டியாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். ஸ்கேன் எடுத்து அடித்த நகலில் அதே சிவப்பு எழுத்து மஞ்சளும் மெஜந்தாவுமாகப் புள்ளிகளாக உடைந்து தெரியும். இங்க்ஜெட் என்றால் புள்ளிகள் வரிசையே இல்லாமல் தூவினது போலக் கிடக்கும். பழைய லித்தோவில் முகத்திலும் ஒழுங்கான புள்ளிக்கட்டம் இருக்காது. கையால் வைத்த பொடிப்பொடிப் புள்ளிகளும் சாக்பீஸ் தேய்த்தது போன்ற சொரசொரப்பும் தெரியும். ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் பொருந்தும் இடம், விலகி உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்பதும் உண்டு.

அடுத்து மடிப்பு. விரல் நுனியால் மடிப்புக் கோட்டைத் தடவினால் அசலில் தாள் தட்டுப்படும், மை உதிர்ந்து உள்ளே நார் தெரியும். நகலில் மடிப்பும் படமாகவே அச்சாகியிருக்கும்; கண்ணுக்கு மடிப்பு, விரலுக்கு வழவழப்பு. பிறகு தாளைத் திருப்புவார்கள். பழைய போஸ்டர் தாள் மெல்லியது, முன்பக்கம் கொஞ்சம் வழுக்கும், பின்பக்கம் சொரசொரக்கும், படத்தின் நிழல் பின்னால் மங்கலாகத் தெரியும். சந்தேகம் தீராவிட்டால் நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச் ஒன்று போதும். இன்றைய ஆர்ட் பேப்பர் பெரும்பாலும் நீலவெள்ளையாக ஜொலிக்கும். பழைய மட்டரகத் தாள் மந்தமாகவே கிடக்கும்.

இத்தனையும் உங்களுக்குத் தெரியாததா? சரக்கு வாங்கும்போது இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்குகிறீர்கள். விற்கும்போது மட்டும் 'நமக்கு அதெல்லாம் தெரியாதுங்க' என்கிறீர்கள்.

ஒரு கடையில் 'நூறு வருஷத்து தமிழ்ப் பேசும்பட போஸ்டர்' என்று அட்டை எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் முதல் பேசும்படம் காளிதாஸ் வந்ததே 1931 அக்டோபர் கடைசியில். படம் வருவதற்கு முன்பே போஸ்டர் ஒட்டிய ஊர் மதுரை என்று பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

லேமினேஷன் பற்றியும் ஒரு வார்த்தை. அசலைச் சூடான லேமினேஷனில் விடாதீர்கள். அதைப் பிரித்தால் மையும் சேர்ந்து பிரியும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை தாளுக்குள் இறங்கி நிற்கும். பிளைவுட்டில் ஃபெவிகால் போட்டு ஒட்டுவது எல்லாவற்றையும்விடக் கொடுமை. பின்னால் தாங்கு வேண்டுமென்றால் சுத்தமான காடாத் துணியில் கோதுமை ஸ்டார்ச் பசை. ஈரம் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும். ஒன்றும் செய்யத் தெரியாவிட்டால் ஒன்றும் செய்யாமல் அப்படியே கொடுங்கள், போதும். தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் போட்டு மேலே ஒட்டிய துண்டுச் சீட்டு இருந்தால் அதையும் உரிக்காதீர்கள். அது அழுக்கு இல்லை, எந்தத் தியேட்டரில் ஓடியது என்பதற்கு அத்தாட்சி.

உங்களை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மதுரை ராயல் டாக்கி டிஸ்ட்ரிபியூட்டர்ஸ் 1937-இல் எடுத்த சிந்தாமணி படத்தின் பெயரில் நின்ற தியேட்டரில் இன்று படம் ஓடவில்லை. 1952 தீபாவளிக்குப் பராசக்தியோடு திறந்த தங்கம் தியேட்டர் இடிக்கப்பட்டே விட்டது. தியேட்டர்கள் மூடியபோது கிடங்கில் இருந்த போஸ்டர்கள் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போயின. தடுக்க ஆள் இல்லை, எடுத்து வைக்க இடமும் இல்லை. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஆறு ஷீட் போஸ்டர் அடித்துப் பாலத்தை மறைக்கும் ஊர், தன் பழைய போஸ்டரில் ஒன்றைக்கூடப் பத்திரப்படுத்தவில்லையே என்று யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த எடைக்கடையிலிருந்து பொறுக்கி மீட்டவர்கள் உங்களில் சிலர்தான். அந்த நன்றி இருக்கிறது. மீட்டதைக் கத்திரிக்கோலுக்குக் கொடுக்கிறீர்களே என்பதுதான் வயிற்றெரிச்சல்.

சட்டம் பேசுவது நோக்கமில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறோம். பழைய பொருளைப் புதியது என்று விற்பது முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. புதியதைப் பழையது என்று விற்கும் ஆட்கள் வருவார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும். பரவாயில்லை, பொருளின் தரத்தையும் வகையையும் பொய்யாகச் சொல்லி விற்பதும், பில் தராமல் இருப்பதும் அதே சட்டத்தில் உண்டு. வாங்கியவர் தன் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. அதற்கு அவசியம் வராது என்றே நம்புகிறோம்.

மறுபடியும் பணிவாகவே கேட்டுக்கொள்கிறோம். நகல் விற்பதை நிறுத்தச் சொல்லவில்லை. ஹோட்டல் சுவருக்கு அழகாக ஒன்று வேண்டுமென்று கேட்பவருக்கு நகல் போதும். உரிமை உள்ளவரிடம் கேட்டு அடித்து, நகல் என்றே சொல்லி விற்றுவிட்டுப் போங்கள். அசலை அச்சக வரியோடு, ஓரம் கிழிந்திருந்தால் கிழிந்தபடியே கொடுங்கள். பில்லில் நாலு விவரம் போதும்: படத்தின் பெயர், தாளின் அளவு, முதல் வெளியீடா மறுவெளியீடா நகலா என்பது, வெட்டு ஒட்டு லேமினேஷன் ஏதாவது செய்திருந்தால் அது. வருஷம் உறுதியாகத் தெரியாவிட்டால் 'வருஷம் தெரியவில்லை' என்றே எழுதுங்கள். அப்படி எழுதிய பில்லை நாங்கள் குறைவாக நினைக்க மாட்டோம். எழுதாத பில்லுக்கு இனி ஐந்திலக்கம் எண்ணிக் கொடுக்கவும் மாட்டோம்.

ஏற்கெனவே வெட்டிய கட்டில் துண்டுகள் கடை மூலையில் இன்னும் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாமல் எடுத்து வையுங்கள். எந்தத் துண்டு எந்தத் தாளுக்கு என்று பொருத்தித் தர நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
மதுரை வட்டாரத்தில் போஸ்டர் சேகரிப்பவர்கள் சிலர்