இம்மைக்காக மட்டும் ஒரு நம்பிக்கையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிதி நிறுவனம் மூடப்பட்டது, பணம் போட்டவர்கள் முற்றுகை என்று செய்தி வரும்போதெல்லாம், காவல்துறை பதிவு செய்யும் வழக்குகளில் ஒன்றின் பெயர் ‘நம்பிக்கை மோசடி’ என்றிருக்கும். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 406. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 316. அதே ‘நம்பிக்கை’ என்ற சொல்தான் எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் விசுவாசத்துக்கும் அன்புக்கும் நடுவில் நிற்கிறது (1 கொரிந்தியர் 13:13). இந்த இரண்டு நம்பிக்கைகளும் கலந்துபோன சபைகளில், பணம் போகிற நாளில் பக்தியும் சேர்ந்து போய்விடுகிறது. பணத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. சேர்ந்து போகிற மற்றதைப் பற்றியது இந்தக் கடிதம்.

கலப்பு எங்கே தொடங்குகிறது? ஞாயிறு ஆராதனை முடிந்து, வாசலில் செருப்பைத் தேடும் நேரத்தில். பேசுகிறவர் அந்நியர் இல்லை. பாடகர் குழுவில் இருப்பவராகவோ ஞாயிறு பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். அவரும் பணம் போட்டவர்தான். அவரும் நம்பித்தான் சொல்கிறார். லட்சத்துக்கு மாதம் பத்தாயிரம். முதல் மூன்று மாதம் தேதி தவறாமல் வரும். நான்காம் மாதம் அவர் சபையில் எழுந்து, கர்த்தர் என் எல்லையைப் பெரிதாக்கினார் என்று சாட்சி சொல்வார். அன்றோடு அந்தத் திட்டத்துக்குச் சபையின் முத்திரை விழுந்துவிடுகிறது. அதன்பிறகு ரசீது கேட்கிறவர்தான் விசுவாசம் குறைந்தவர்.

இதன் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் ஒரு கோடி. அந்த ஒரு கோடியை நடத்துகிறவர் எடுத்துக்கொண்டார், வெளியே தொழில் எதுவும் இல்லை என்று வையுங்கள். மாதவட்டி பத்து லட்சம்; அதைக் கொடுக்கப் புதிதாகப் பத்துப் பேர் வேண்டும். அடுத்த மாதம் 110 பேருக்கு வட்டி. பதினோரு பேர் வேண்டும். இப்படியே மாதம் பத்து சதவீதம் ஏறிக்கொண்டு போனால் இரண்டு வருடத்தில் சுமார் 985 பேர், நான்கு வருடத்தில் சுமார் 9,700 பேர். ஏஜென்ட் கமிஷன், கடை வாடகை எதையும் இதில் சேர்க்கவில்லை. நடத்துகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இந்தக் கணக்கு அவரை விடாது. ஆள் வருவது நிற்கிற மாதத்தில் வட்டியும் நிற்கும்.

பணம் போடுவதற்கு முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் ஜிஎஸ்டி எண்ணும் சுவரில் மாட்டியிருக்கும். அவை பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவதற்கான அனுமதி ஆகா. ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். சீட்டு என்றால், 1982-ஆம் ஆண்டு சிட்ஃபண்ட் சட்டப்படி சீட்டு தொடங்கும் முன்பே பதிவாளரின் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் கேளுங்கள். வரைமுறையற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், தெரிந்தே பொய்யான வாக்குறுதி சொல்லி ஆள் சேர்ப்பது தனிக் குற்றம். பாடகர் குழு அண்ணனுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்; அவருக்குத் தெரிந்திருக்காது.

ஒழுங்கான சேமிப்புக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு உண்டு. வங்கி டெபாசிட்டுக்குக் காப்பீடு ஐந்து லட்சம் ரூபாய், 2020 பிப்ரவரி 4 முதல். அது ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் உள்ள அசலும் வட்டியும் சேர்த்து. கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடையாது. பத்துப் பவுன் நகைக்கு, 80 கிராமுக்கு, சேதாரம் பத்து சதவீதம் என்றால் கடையில் 88 கிராமுக்குப் பணம் கட்டுகிறோம்; விற்கப் போகும்போது எடைத் தட்டில் நிற்பது 80, கல் பதித்திருந்தால் அதற்கும் கீழே. விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் இன்றைய நூறு ரூபாய்ச் சாமானுக்கு இருநூறு வேண்டும். உயிலும் அப்படித்தான். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிக்கோ அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால், உயில் நிற்கும், அவர்களுக்கு எழுதியது நிற்காது. மூத்த மகனையே சாட்சியாகப் போட்டு வைத்திருக்கும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு செல்லாமல் போகும்.

லூக்கா 12-இல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனிடம், ‘நீ சேகரித்தவைகள் யாருடையதாகும்?’ என்று கேட்கப்படுகிறது. யாருக்குச் சேரும் என்பதற்கு உயில் பதில் சொல்லிவிடும். அந்த இரவில் அவன் ஆத்துமா எங்கே நிற்கும் என்பதற்கு எந்தப் பத்திரத்திலும் பதில் இல்லை.

இங்கேதான் சபைப் பிரசங்கத்தின் மேல் எங்களுக்கு உள்ள மனக்குறையைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பது நம் சபைகளில் பழகிப்போன வழக்கம். அதில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, நம்மைக் குறித்துத் தேவன் நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்ற வசனம். அட்டையில் அதற்கு முந்தின வசனம் இருக்காது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் என்றிருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அதை வாசிக்கக் கேட்டவர்களில் முதிர்ந்தவர்கள் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். ‘நூறு மடங்கு’ என்று காணிக்கை விதைக்கச் சொல்பவர்கள் மாற்கு 10:30-ஐக் காட்டுவார்கள். அதே வசனத்தில் ‘துன்பங்களோடேகூட’ என்ற சொல்லும், மறுமையில் நித்திய ஜீவன் என்ற சொல்லும் இருக்கின்றன. பாதி வசனத்தை வாங்கிப்போன வீட்டுக்குப் புற்றுநோயோ கடன்காரனோ வந்து நின்றால், ‘எங்கள் விசுவாசம் போதவில்லையோ’ என்று அவர்கள் தங்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அவர்களை அங்கே ஏற்றியது அந்தப் பாதி வசனம்தான்.

பவுல் இதை நேராகவே சொல்லிவிட்டார். இம்மைக்காக மாத்திரம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்திருந்தால், எல்லா மனிதரையும்விடப் பரிதாபத்துக்குரியவர்கள் நாம்தான் (1 கொரிந்தியர் 15:19). சுமார் கி.பி. 55-இல், கொரிந்து என்ற வியாபாரத் துறைமுக நகரத்துக்கு எழுதிய கடிதம் அது. அந்த அதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் தருவது ஒரு சாட்சிப் பட்டியல். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கேபா (பேதுரு) கண்டார், பின்பு பன்னிருவர், பின்பு ஐந்நூறு பேருக்கும் அதிகமானோர் ஒரே வேளையில், பின்பு யாக்கோபு, அப்போஸ்தலர் எல்லாரும், கடைசியாகத் தானும். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் சேர்க்கிறார். வேண்டுமானால் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்பதுபோல. கிறிஸ்தவ நம்பிக்கை நிற்பது அந்தக் கல்லறை நிகழ்ச்சியின் மேல். அது நடக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கம் வீண் என்பதையும் அவரே 14-ஆம் வசனத்தில் ஒப்புக்கொள்கிறார்.

கத்தோலிக்கச் சகோதரர்கள் இதற்கு ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லைக் கையாள்கிறார்கள். 2025 யூபிலி ஆண்டை ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்ற பெயரில்தான் கொண்டாடினார்கள். நல்ல சொல். நம்பிக்கை என்றால் இன்றைக்குக் கையில் உள்ள உறுதி என்று கேட்கிறவருக்குப் படலாம். எதிர்நோக்கு என்றால் இன்னும் வராததை நோக்கி முகம் திருப்பியிருப்பது என்று புரியும். ஒன்று பேதுரு முதல் அதிகாரம் நான்காம் வசனத்தில், அழியாத, மாசற்ற, வாடாத ‘சுதந்தரம்’ என்று பழைய மொழிபெயர்ப்பில் வரும். அது விடுதலை என்ற பொருளில் வரும் சுதந்திரம் இல்லை. வாரிசுக்குச் சேரும் சொத்து. இளைஞர் கூட்டங்களில் இதைத் தப்பாகவே விளக்கக் கேட்கிறோம், அதனால் சொல்கிறோம்.

அப்படியானால் இம்மைக் காரியங்களை அசட்டை செய்வதா என்று கேட்பவர்கள் எரேமியா 32-ஐ வாசிக்க வேண்டும். கி.மு. 587 வாக்கில், பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா தீர்க்கதரிசி காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். தகப்பனுடைய சகோதரர் மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். அந்தச் சமயத்தில் அந்த நிலத்துக்கு என்ன விலை இருக்கும்? எரேமியா வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளி. இன்றைய எடையில் ஏறக்குறைய 200 கிராம். பத்திரத்தில் கையெழுத்திட்டு, முத்திரை போட்டு, சாட்சிகளை நிறுத்தி, வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் கெடாமலிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். நம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் நடக்கிற ஒரு வேலையையும் அவர் விடவில்லை. ஆனால் ‘இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் வாங்கப்படும்’ என்ற தேவனுடைய வாக்குத்தான் அவரை அதைச் செய்ய வைத்தது. எல்லாம் முடிந்தபின், நகரமே விழப்போகிறதே, இதை ஏன் வாங்கச் சொன்னீர் என்று ஜெபத்தில் கேட்கவும் செய்கிறார். சந்தேகம் கேட்டதற்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை. அந்த நிலத்தில் அவர் விதைத்ததாக வேதத்தில் ஒரு வரியும் இல்லை. 43-ஆம் அதிகாரத்தில் எகிப்துக்குக் கொண்டுபோகப்படுகிறார். நம்பிக்கை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளுக்கு, வாக்குத்தத்த அட்டையைவிட இந்த அதிகாரத்தை முழுவதும் வாசித்துக் காட்டுவது மேல்.

பணத்தை இழந்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் சில குறிப்புகள். முதல் நாள் ‘ஏன் போட்டீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘யோபுவுக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது’ என்றும் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் செய்த உருப்படியான காரியம் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது. வீட்டில் அரிசி, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வீடுகளில் கைப்பிடி அரிசி சேர்த்துப் பிடியரிசிக் காணிக்கை எடுக்கும் சபைகள் அந்தப் பானையை இப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று மாதம் திருப்பிவிடலாம். இரண்டாம் தடவை போகும்போது ரசீது, வங்கிக் கணக்கு விவரம், கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு, ஏஜென்டின் குறுஞ்செய்திகள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்க உதவுங்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு கொடுக்க அவை வேண்டும்; தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி சொத்தை முடக்கிப் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வழி உண்டு, ஆனால் வருடக்கணக்கில் ஆகும். போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு ஒருவர் வருவார். அது இரண்டாவது மோசடி. வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள்; 104, 14416 என்ற அரசு உதவி எண்களில் இரவு பகல் பேசலாம்.

வேதம் வாசிப்பதாக இருந்தால் சங்கீதம் 77-இல் தொடங்குங்கள். ‘தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ’ என்று கேட்பதற்கு அங்கே இடம் இருக்கிறது. பிறகு புலம்பல் மூன்றாம் அதிகாரம், முதல் வசனத்திலிருந்தே. 22-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்க வேண்டாம். சில வாரம் கழித்து ஒன்று பேதுரு. ஐந்தே அதிகாரம், 105 வசனம். சத்தமாக வாசித்தாலும் அரைமணி நேரத்துக்குள் முடியும். சிதறடிக்கப்பட்டு அந்நியராய்த் தங்கியிருந்தவர்களுக்கு எழுதியது. சாட்சி சொல்லும்படி அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். திருவிருந்துக்கு வந்து, ‘கர்த்தர் வருமளவும்’ என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போனாலும் அதுவே போதும்.

ஈஸ்டர் அதிகாலையில் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றுகிற குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். இருட்டோடு இருட்டாகப் போய், கல்லில் படிந்த பாசியைத் துடைத்து, பேரப்பிள்ளைக்குப் பெயரைப் படித்துக் காட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் 1 கொரிந்தியர் 15-ஐ வாசிக்க ஒரு மூப்பரை அனுப்புங்கள் என்று சேகர (சபை வட்டார) குருமாரைக் கேட்டுக்கொள்கிறோம். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ‘சபை வளாகத்தில் எந்த நிதித் திட்டத்துக்கும் ஆள் சேர்க்கக் கூடாது, எந்த முதலீட்டின் லாபத்தையும் ஆராதனையில் சாட்சியாகச் சொல்லக் கூடாது’ என்று சேகரக் கமிட்டியில் தீர்மானம் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சபை மூப்பர்கள் சிலர்,
திருநெல்வேலி