கல்லீரலும் காலும் ஒரே ஆளுடையதுதான், ஐயா

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களுக்கும் வணக்கம்.

எந்த மருத்துவமனை என்று பெயர் போடவில்லை. எலும்பு முறிவு வார்டில் போன மாதம் நடந்த ரகளை உங்கள் காதுக்கு வந்திருக்கும். கட்டிலில் கை கட்டப்பட்டுக் கிடந்தவர் என் தாய்மாமா.

களக்காட்டில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், வரப்பில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்து வந்தார். கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே உண்டு. கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே அது இருக்கிறது. மெடிசின் டாக்டர் பார்த்து லாக்டுலோஸ் சிரப் எழுதினார். கல்லீரல் கெட்டவருக்குக் குடலில் உண்டாகும் அம்மோனியா ரத்தத்தில் தங்கி மூளையைக் குழப்பும். அதை மலத்தோடு வெளியேற்றத்தான் அந்த சிரப். நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போக வேண்டும், அதுதான் கணக்கு.

காலில் எடை கட்டி இழுத்து வைத்திருக்கும் மனிதர் எழுந்து போக முடியுமா? பெட்பேன்தான். இடுப்பைத் தூக்க ஆள் வேண்டும், கால் அசையாமல் பிடிக்க இன்னொருவர் வேண்டும். ராத்திரி அட்டெண்டரைக் கூப்பிட்டால், "இப்பந்தான வச்சேன் அண்ணாச்சி, மறுபடியுமா?" என்பார். தடவைக்கு ஐம்பது ரூபாய். "அந்த சிரப்ப நிப்பாட்டிப் பாருங்க, சரியாப் போவும்" என்று யோசனை வேறு. மாமா வெட்கப்பட்டு சிரப்பை ஒதுக்கினார், சாப்பாட்டையும் பாதியாக்கினார். வயிறு கட்டிக்கொண்டது. அப்புறம் கை நடுங்கியது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் முழிப்பு. அத்தையைப் பார்த்து யார் என்று கேட்டார். எடைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார். குடிகாரன் கலாட்டா என்று காஸ் துணியால் கையைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு வயிறு போனதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் மெடிசின் டாக்டர் வந்து எனிமா கொடுக்கச் சொன்ன பிறகுதான் தெளிந்தார்.

சிஸ்டரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வார்டு முழுக்க ராத்திரியில் அவர் ஒருவர்தான். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் கணக்கு. உங்களுக்குத் தெரியாததா?

நாங்கள் கேட்பது இதுதான். கல்லீரல் நோயோடு எலும்பும் முறிந்து வருகிறவருக்கு, ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பொறுப்பான ஒரு செவிலியர். கட்டில் தலைமாட்டில் ஒரே அட்டை. எத்தனை தடவை வயிறு போனது, வயிற்றுச் சுற்றளவு, கால் விரலின் நிறம், மரத்துப்போயிருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா, வலிக்கு என்ன கொடுத்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். அட்டை இருந்திருந்தால் டைக்ளோபெனாக் என்ற வலி ஊசியோடு ஒருவர் வந்து நின்றிருக்க மாட்டார். மாமாவைப் போன்றவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் உண்டாக்கும். அத்தை மறித்துக் கத்தியதால் தப்பித்தார்.

ஆமாம், மாமா குடித்தவர்தான். அதற்கென்ன? 2003 முதல் அரசேதான் டாஸ்மாக்கில் சில்லறை வியாபாரம் பார்க்கிறது. ஆள் இல்லை என்று அந்தக் கடை ஒருநாளாவது மூடிக் கிடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. வாங்கிக் குடித்தவர் கடைசியில் எந்த வாசலுக்கு வருவார் என்று தெரிந்துதானே விற்கிறார்கள்? அங்கே கல்லாவுக்கு ஆள் உண்டு, இங்கே பெட்பேனுக்கு இல்லை. நல்ல நிர்வாகம்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டாஸ்மாக் உங்கள் கையில் இல்லை, வார்டு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு செவிலியர், ஒரே அட்டை. கூடவே, ராத்திரியில் காசு கேட்காமல் பெட்பேன் வைக்க ஓர் ஆள். மாமாவை அடுத்த வாரம் மறுபடி அதே வார்டுக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
களக்காட்டு நோயாளி ஒருவரின் மருமகன்